நம் கரைக்கு வருவோரும் நம் கரையில் வாழ்வோரும்

வாடைக் காற்று ஓய்ந்து, கடல் அடங்கி, சித்திரை பிறந்தவுடன் கிழக்குக் கரைக்கு அந்நியர் வரத் தொடங்குவர். நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் உல்லாசப் பயணிகளின் கூட்டம் பெருகும். வடக்கே காரைநகரிலும் குறிகட்டுவானிலும் தென்னிலங்கைப் பேருந்துகள் வந்து நிற்கும். "இத்துணை அழகிய கரை இந்நாட்டில் உண்டா!" என்று வருவோர் வியப்பர். வியப்பதற்குக் காரணமும் உண்டு. ஆயினும், தமிழ் பேசும் மக்களின் தாயகக் கடற்கரை உலகத்தாரின் கண்ணுக்கு விருந்தாகும் இவ்வேளையில், அக்கரையிற் பிறந்து அக்கரையிலேயே உழைத்துண்ணும் மக்களுக்கு அதனால் விளையும் பயன் யாது என்று கேட்க வேண்டிய கடமை நமக்குண்டு. விருந்தினரை வரவேற்பது தமிழர் பண்பு. விருந்தினரை வரவேற்கத் தமக்கென ஒரு வீடு வேண்டுமென்று கேட்பதும் தமிழர் உரிமையே.

முதலில், நம்மிடம் உள்ள செல்வம் யாதென நாமே அறிதல் நன்று. நம்மவருட் பலர் மலைநாட்டையும் தென்னிலங்கையையும் கண்டு களித்திருப்பர். தம் ஊரிலிருந்து முப்பது கல் தொலைவிலுள்ள கரையைக் கண்டிலர்.

மன்னாரிலிருந்து தொடங்குவோம். பாலாவிக் கரையிலே திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய திருத்தலம். அதனைச் சூழ்ந்த மாதோட்டமோ பண்டைய உலகின் வணிகர் பலர் வந்திறங்கிய துறைமுகம். தலைமன்னார் முனையில் நின்று மேற்கு நோக்கினால், இராமர் பாலமென நாம் வழங்கும் மணற்றிட்டுகள் தனுக்கோடியை நோக்கி வரிசையாகச் செல்வதைக் காணலாம். இந்தியாவுக்கும் நமக்கும் இடையே புகையிரதத்தையும் கப்பலையும் இணைத்து நடைபெற்ற போக்குவரத்து, 1964 டிசம்பரில் தனுக்கோடியை அழித்த புயலோடு அவ்வழியில் அறுந்தது. வங்காலைச் சரணாலயத்திலே மாரி காலத்தில் பல்லாயிரம் பறவைகள் வந்து தங்குகின்றன; 2010இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஏற்கப்பட்டது. தெற்கே அரிப்பிலே, முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் எழுப்பிய மாளிகையின் இடிபாட்டைக் கடல் அரித்துத் தின்று வருகின்றது. முத்தும் போயிற்று, தேசாதிபதியும் போயினார்; முத்துக் குளித்த மக்களின் வழியினர் இன்னும் அக்கரையிலேயே வலை இழுக்கின்றனர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருவோமாயின், காரைநகரின் கசூரினாக் கரையில் சவுக்கு மர நிழலும், குழந்தையும் அஞ்சாது இறங்கத்தக்க ஆழங்குறைந்த நீரும் உள. வேலணையிற் சாட்டிக் கரையும் அத்தகையதே. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடற்பயணத்தில் நெடுந்தீவு. முருகைக்கல்லால் அடுக்கிய வேலிகள், பறங்கியர் காலம் முதல் அலைந்து திரியும் மட்டக் குதிரைகள், ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கு மரம், பாழடைந்த கோட்டை என ஒரு தீவிலே பல நூற்றாண்டுகள் ஒருங்கே நிற்கின்றன. நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் ஒரே கரையில் நடக்கும் தூரத்தில் உள. கீரிமலைக் கேணியிலே நன்னீர் ஊற்று. அதன் மதிலுக்கு அப்பால் உப்புக் கடல். பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே மணற்காட்டில், மணலிற் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களும், காற்று வரைந்த மணற்குன்றுகளும் உள.

திருக்கோணமலையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. அதற்கு மேலே சுவாமி மலையிற் கோணேசர் கோயில். 1620களிலே போர்த்துக்கேயர் அதனை இடித்துத் தள்ளி அக்கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். கடலடியிற் சிவலிங்கம் மீட்கப்பட்டதும், 1963இல் மீளக் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்ததும் நம் முதியோர் கண்ணாரக் கண்ட செய்திகள். வடமேற்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். வடக்கே நிலாவெளி, அதற்கு எதிரே கடலிற் புறாமலைத் தீவு. 2003இல் தேசிய வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அத்தீவைச் சுற்றிலும் முருகைப் பாறைகளும் வண்ண மீன்களும் நிறைந்துள்ளன.

மட்டக்களப்பு வாவியிலே, நிலாக் காலத்தில், நீருக்கடியில் எழும் இன்னொலியை மீன் பாடுகின்றதென மக்கள் சொல்வர். 1924இற் கட்டப்பட்ட கல்லடிப் பழைய பாலத்தடியிலே தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டவர்கள் இன்றும் உளர். வடக்கே பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது. தெற்கே பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில் சித்திரை தொடக்கம் ஐப்பசி வரை எழும் அலைகளில் பலகையேறிச் சறுக்கி விளையாடுதற்கென்றே உலகின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர் வருகின்றனர். அதற்கும் தெற்கே உகந்தை முருகன் கோயில். யாழ்ப்பாணத்திலிருந்து கரையோரமாகவே நடந்து கதிர்காமஞ் செல்லும் அடியார்கள் காடு புகுமுன் தங்கும் இடம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை நினைவூட்ட விரும்புகின்றோம். கரையோரப் பயணம் அந்நியர் வந்து நமக்குக் கற்பித்த புதுமையன்று. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கும், கடல் தீர்த்தத்துக்கு வல்லிபுரத்துக்கும், உப்பு நீரில் விளக்கெரியும் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கும், அந்தோனியார் திருவிழாவுக்குக் கச்சதீவுக்கும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்தனர். அப்பயணத்திலே கரையூர் மக்கள் சோறு சமைத்தனர், தோணி வலித்தனர், பாய் விரித்தனர். வந்தவரும் வாழ்ந்தார், வரவேற்றவரும் வாழ்ந்தார். இன்றைய உல்லாசப் பயணத்தில் அந்தச் சமன்பாடு எங்கே?

வருவோர் காணாத கதையைச் சொல்வோம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு ஊரை விட்டோடினர். காங்கேசன்துறையும் மயிலிட்டியும் பலாலியும் உயர்பாதுகாப்பு வலயமாயின. போர் 2009இல் முடிந்தது. முடிந்தபின் நிலம் திரும்புமென எதிர்பார்த்தவருக்கு 2013இற் கிடைத்த விடை, 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்! உரிமையாளர் நலன்புரி முகாம்களிற் கிடுகுக் கொட்டிலில் இருக்க, காங்கேசன்துறைக் கரையிலே இராணுவத்தினர் உல்லாச விடுதி நடத்தினர். கீரிமலைக்கு அணித்தே கடலோரத்தில் ஜனாதிபதிக்கென மாளிகை எழுந்தது. ஊர்காவற்றுறைக் கடலில் ஒல்லாந்தர் ஆண்ட கடற்கோட்டை, கடற்படையினரின் விருந்தினர் விடுதியாயிற்று. பறங்கியிடமிருந்து ஒல்லாந்தனும், ஒல்லாந்தனிடமிருந்து ஆங்கிலேயனும் பறித்த கோட்டை, நம்மிடம் மட்டும் வந்து சேரவேயில்லை.

மயிலிட்டித் துறைமுகத்தின் வரலாறே போதும். வடபகுதியின் மீன்வளத்துக்கு ஒரு காலத்தில் நெஞ்சாக விளங்கிய அத்துறை, 27 ஆண்டுகளின் பின், 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. அன்று அக்கரையை முத்தமிட்டழுத முதியோரைப் பத்திரிகைப் படங்களில் உலகம் கண்டது. அதன் பின்னும் அண்டிய காணிகளுக்காக மக்கள் தெருவில் நிற்க வேண்டியதாயிற்று. மன்னாருக்குத் தெற்கே முள்ளிக்குளத்து மக்களை 2007இல் வெளியேற்றினர். அவர்தம் கரையிற் கடற்படைத் தளம் எழுந்தது. பத்தாண்டின் பின், மக்கள் வெயிலில் அமர்ந்து போராடியே ஒரு பகுதி விடுவிப்புக்கு வாக்குறுதி பெற்றனர்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த கொடுமை என்று நாம் சொல்ல மாட்டோம். அறுகம்குடாவுக்குத் தெற்கே பாணமையில், 2010இல், சிங்களமும் தமிழும் பேசும் ஏழை விவசாயிகளும் மீனவரும் தம் கரையோரக் காணியிலிருந்து துரத்தப்பட்டனர். அவர்களுள்ளும் பெரும்பாலோர் சிங்கள மக்கள். படை முகாமும் விடுதியும் கரையை விழுங்கத் தொடங்கினால் அதன் வாய்க்கு மொழி வேற்றுமை தெரியாது. அதுபோலவே, 1990 ஒக்டோபரில் தமிழர் பெயராலேயே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் மீண்டு வந்தபோது, சிலாவத்துறையிலே தம் காணியிற் கடற்படை முகாமையே கண்டனர். அவர்களை வெளியேற்றியது நம் வரலாற்றிலே நாம் நாணித் தலைகுனிய வேண்டிய செயல். அவர் உரிமையைப் பேசாது நம் உரிமையை மட்டும் பேசுவோமாயின், நம் சொல்லுக்கு மதிப்பிராது.

ஆழிப்பேரலையின் பின் நடந்ததையும் மறத்தலாகாது. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவு தொடக்கம் பொத்துவில் வரை கரை அழிந்தது. அடுத்து, பாதுகாப்பின் பெயரால், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் வீடு கட்டக் கூடாத எல்லையென அரசாங்கம் விதித்தது. மீனவனின் வாடிக்குத் தடை, விடுதிக்கு விலக்கோ என்ற குமுறல் அன்று அறுகம்குடாவில் எழுந்தது. எதிர்ப்பின் பின் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது உண்மை. ஆனால் போர் முடிந்தபின் பாசிக்குடாவிலே பெருவிடுதிகள் வரிசையாக எழுந்தபோது, தோணி இழுத்தேற்றும் கரை சுருங்கிற்றென்று மீனவர் முறையிட்டனர். கடலைப் பார்க்க வருபவனுக்கு இடமுண்டு; கடலில் இறங்குபவனுக்கு இடமில்லை என்றால் அஃது எவ்வகை நீதி?

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர் நீர் மட்டத்திலிருந்து நிலத்தின்பால் 300 மீற்றரையும் தாழ் நீர் மட்டத்திலிருந்து கடலின்பால் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்து, அங்கு அபிவிருத்திக் கருமங்களைப் பொதுவாக அனுமதி பெற்றே செய்ய வேண்டுமென விதிக்கின்றது. சட்டம் நல்லதே. ஏழையின் கொட்டிலுக்கும் செல்வனின் மாளிகைக்கும் படையினரின் மதிலுக்கும் அது ஒரே அளவுகோலாக வேண்டும் என்பதே எமது கேள்வி.

இனி, வருவோருக்கு என்ன சொல்லப்படுகின்றது என்பதையும் ஆராய்வோம். போர் முடிந்த கையோடு, முல்லைத்தீவுக் கரைக்குத் தென்னிலங்கையிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் அழைத்து வரப்பட்டனர். நந்திக்கடலருகே வெற்றிச் சின்னத்தைக் கண்டனர், படம் பிடித்தனர், திரும்பினர். அதே மணலில், 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலிலே எத்தனை தாய்மார் தம் குழந்தைகளை இழந்தனரென எந்தப் பலகையும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மரணம் நிகழ்ந்த மண் வேடிக்கைத் தலமாகலாகாது. அங்கு வருவோர் வரட்டும். தலை வணங்க வரட்டும். தமிழர் ஆண்டுதோறும் அங்கே விளக்கேற்றி அழுவதைத் தடுத்த கைகள், அங்கே வெற்றித் தூண் எழுப்பியமை நாகரிகத்துக்கு ஒவ்வாது. வரலாற்றைச் சொல்லும் பலகைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், அறிஞர் ஆய்ந்த உண்மையோடு, பிழையற்ற தமிழில் அமைதல் வேண்டும்.

உல்லாசப் பயணத் தொழிலைப் பற்றி நம் விவசாயிகளும் உத்தியோகத்தரும் தெளிவோடிருத்தல் அவசியம். 2018இல் இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரில் 21இல், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்பட, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்தது, பயணிகள் ஓடினர். கொள்ளை நோய் வந்தது. 2021இல் வந்தோர் தொகை இரண்டு இலட்சத்தையும் எட்டவில்லை. 2022இல் எரிபொருளின்றி நாடே நின்றது. பின்னர் நிலைமை திருந்தி, 2024இல் அத்தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டிற்று. இவ்வேற்றத் தாழ்வைக் காணுங்கள்! மழை பொய்த்த வயலாவது அடுத்த போகத்தில் விளையும். இத்தொழிலோ ஒரு குண்டிலும் ஒரு கிருமியிலும் ஆண்டுக்கணக்கிற் படுத்துவிடும். ஆதலின், தோட்டத்தையும் வயலையும் வலையையும் கைவிட்டு இதனையே நம்புவது பேதைமை. உழவுக்கும் மீன்பிடிக்கும் இது துணையாக நிற்கட்டும். அவற்றின் இடத்தைப் பிடிக்கலாகாது.

துணையாவது எவ்வாறு? விடுதியின் அடுப்பிற் கொதிப்பது எவன் தோட்டத்து மரக்கறி என்பதிலேயே அதற்கு விடையுண்டு. வலிகாமத்து வெங்காயமும் முந்திரிகையும், தென்மராட்சி மாம்பழமும், பனையின் வெல்லமும் ஒடியலும், படுவான்கரை நெல்லும் தயிரும், வாவியின் இறாலும் அம்மேசையை நிரப்புமாயின், ஒரு பயணியின் பணம் பத்து வீட்டுக்குச் செல்லும். அனைத்தும் தெற்கிலிருந்தே பாரவண்டியில் வந்திறங்குமாயின், நமக்கு எஞ்சுவது குப்பையும் வற்றிய கிணறுமே. குடாநாட்டின் குடிநீர் சுண்ணக்கல்லின் அடியில் மழை தேக்கிய நீர். அதை அளவிறந்து இறைத்தால் உப்புநீர் புகும் என்பதைத் தோட்டக்காரருக்கு எவரும் படிப்பிக்க வேண்டுவதில்லை. பெருவிடுதி கட்ட வருவோர் எங்கிருந்து நீர் எடுப்பர், எங்கே கழிவு விடுவர் என்று முதலிற் கேட்க வேண்டியவரும் அவர்களே.

பிறரைக் குறை கூறும்போது நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். கசூரினாவிலும் சாட்டியிலும் விடுமுறை நாள் மாலையிற் சென்று பாருங்கள்: பொலித்தீன் பைகளும் உடைந்த போத்தல்களும் யார் எறிந்தவை? புறாமலைத் தீவின் முருகைப் பாறை மேலேறி மிதிப்போருள் நம்மவர் இல்லையா? பாறைபோற் திரண்ட முருகை ஆண்டொன்றுக்கு ஒரு சதமமீற்றர் அளவே வளரும். ஒரு மிதியில் ஒடிவது ஒரு தலைமுறையின் வளர்ச்சி. வெளிநாடு சென்ற பிள்ளைகள் கைவிட்ட கரைக்காணிகளை, யார் எவரென்று பாராது, கூடிய விலைக்கு விற்றுத் தரும் தரகரும் நம்மவரே. இராணுவம் பறித்த காணிக்காக ஊர்வலம் போவோம்; நாமே விற்ற காணிக்காக யாரிடம் முறையிடுவோம்?

எனவே, நாம் கேட்பவை இவை. படையினர் விடுதி நடத்துவதையும் கடை நடத்துவதையும் விட்டுத் தம் தொழிலுக்குத் திரும்ப வேண்டும். மக்களின் கரையோரக் காணிகள் மக்களிடம் சேர வேண்டும். இது முதலாவது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலிற் சேர்த்தும் அவ்வதிகாரம் ஏட்டளவிலேயே நின்றது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும் வட மாகாண சபையின் காலம் 2018இலும் முடிந்தபின் பல்லாண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. கரையைத் திட்டமிடும் அதிகாரம் கரையோர மக்கள் தெரிந்தெடுத்த சபைகளுக்கு வேண்டும் என்பது இரண்டாவது. தோணித் துறையும் கரைவலைப் பாடும் மீனவர் சங்கங்களோடு பேசி வரையறுக்கப்பட்டபின்பே எவ்விடுதிக்கும் அனுமதி வழங்க வேண்டும் என்பது மூன்றாவது.

2025 மே மாதத் தேர்தலில் மக்கள் வாக்கினால் தெரிவான பிரதேச சபைகளுக்கும் ஒரு வார்த்தை. பெரிய அதிகாரம் வரும்வரை சிறிய கடமையைப் பிற்போட வேண்டா. கரையில் ஒரு கழிவறை, உடை மாற்ற ஒரு மறைப்பு, குப்பைத் தொட்டி, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் எச்சரிக்கைக் கொடி, நீந்தத் தெரிந்த உள்ளூர் இளைஞர் இருவரின் காவல் — இவற்றுக்கு அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் வேண்டுவதில்லை. மார்கழியிலே கிழக்குக் கடலில் இறங்கிய எத்தனை பிள்ளைகளைப் பிணமாகத் தூக்கினோம்!

நம் வைத்தியரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் பொறியியலாளரும் வெறும் பார்வையாளராயிருத்தல் போதாது. ஊரார் கூட்டுறவாகச் சிறு விடுதி அமைக்க முன்வரின், கணக்கெழுதவும் சட்டம் சொல்லவும் வங்கியில் வாதாடவும் படித்தவரின் துணை தேவை. கூட்டுறவு இயக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. பிள்ளைகளை அடுத்த விடுமுறைக்கு நெடுந்தீவுக்கும் மாதோட்டத்துக்கும் வாவிக்கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள். மீனவர் வீட்டில் உண்ணுங்கள். அவருக்கே காசு கொடுங்கள். தம் கரையைக் காணாத தலைமுறை, அதைப் பிறர் கொள்ளும்போது இழப்பின் அளவை அறியாது.

நெய்தல் என நம் முன்னோர் கடற்கரைக்கு ஒரு திணையே வகுத்தனர். அத்திணையின் மக்களை விலக்கி அதன் மணலை மட்டும் விற்க எவருக்கும் உரிமையில்லை. நம் கரைக்கு உலகம் வரட்டும், மனமுவந்து வரவேற்போம். வாசலில் நின்று வரவேற்பவர் அவ்வீட்டுக்கு உரியவராயிருக்க வேண்டும். அந்நாளை விரைவிற் கொணர்வது நம் ஒற்றுமையிலும் உழைப்பிலுமே தங்கியுள்ளது.